ஓடுதளமும் லயமும்: கெடா தோட்டப்புறத்தின் போர்க்காலச் சின்னங்கள்

கெடா மாநிலத்தின் பழமை என்று பேச்செடுத்தால் இரண்டு பட்டியல்கள் உடனே வந்துவிடும். ஒன்று அலோர் ஸ்டாரின் அரச கட்டடங்கள்: 1912-இல் எழுந்த ஜாஹிர் பள்ளிவாசல், பாலாய் பெசார் மண்டபம், அரச வாத்தியங்கள் இருக்கும் நோபாட் கோபுரம். மற்றொன்று பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்கள். கடாரம் என்று சோழர் காலத்தில் அறியப்பட்ட நிலம் இது என்பதால் தமிழ் வாசகர்கள் இந்த இரண்டாவது பட்டியலைச் சொந்தமாகவே நினைக்கிறோம். முதலாம் இராசேந்திரனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பை மேடைதோறும் சொல்கிறோம்.

இந்த இரண்டு பட்டியல்களிலும் இடம்பெறாத ஒரு காலம் உண்டு. அது ரப்பரின் காலம், போரின் காலம். சுங்கை பட்டாணி, பீடோங், குரூண், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வாழ்ந்தது இந்தக் காலத்தில்தான். அதன் கட்டடங்கள் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள், பெரட்டுக் களங்கள், புகைக்கூடங்கள், மாரியம்மன் கோயில்கள், ஒற்றைக் கூரைப் பள்ளிகள். அதே நிலத்தில் பிரிட்டிஷ் வான்படை விமானத் தளங்களை அமைத்தது. 1941 டிசம்பரில் அந்தத் தளங்கள் சில நாட்களில் வீழ்ந்தன. பிறகு மூன்றரை ஆண்டுகள் தோட்டங்கள் பட்ட துயரம் மலாயாத் தமிழர் வரலாற்றிலேயே மிகக் கொடியது.

விமானத் தளம் போர் வரலாற்று ஆர்வலர்களின் பொருள், லயம் தொழிலாளர் வரலாற்றாசிரியர்களின் பொருள் என்று பிரித்தே இதுவரை எழுதப்பட்டு வந்திருக்கிறது. அந்தப் பிரிவினையே இரண்டையும் இழக்கக் காரணம் என்பது என் முடிவு. எவை இருந்தன, எவை எஞ்சின, எவை ஏன் அழிந்தன, இனி என்ன செய்யலாம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

ரப்பர் கட்டிய ஊர்கள்

1909-ஆம் ஆண்டு ஆங்கில-சயாம் ஒப்பந்தத்தின்படி கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் வந்தது. ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. மாநிலத்தின் வடபகுதி நெல்வயலாகவே நீடிக்க, நடுப்பகுதியிலும் தெற்கிலும் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர் நடப்பட்டது. 1915-இல் ரயில் பாதை அலோர் ஸ்டாரை எட்டியது. 1918-இல் பாடாங் பெசார் எல்லைவரை சென்றது. தோட்டத்துப் பாலைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கும், பினாங்கில் கப்பலிலிருந்து இறங்கிய தமிழ்த் தொழிலாளரைத் தோட்டங்களுக்கு ஏற்றுவதற்கும் அதே பாதைதான் பயன்பட்டது. இந்தப் பாதை பின்னர் எதற்குப் பயன்பட்டது என்பதைக் கீழே பார்ப்போம்.

ஹார்வர்ட், டப்ளின், விக்டோரியா, ஹென்ரியட்டா, ஸ்கார்பரோ, பேடனோக் என்று தோட்டங்கள் வெளிநாட்டுப் பெயர்களோடு பரந்தன. பெரிய தோட்டங்கள் டிவிசன்களாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு டிவிசனும் ஒரு தனிக் கிராமம். மேட்டில் தோட்ட நிர்வாகியான துரையின் பங்களா, சற்றுக் கீழே எழுத்தர்களான கிராணிகளின் வீடுகள், பிறகு ஆபீஸ், பால் நிறுக்கும் கொட்டகை, ஸ்டோர், புகைக்கூடம், ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை, எல்லாவற்றுக்கும் கடைசியாக வரிசை வரிசையாக லயங்கள். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம் நடுவில் இருக்கும். யார் எந்த உயரத்தில், எவ்வளவு தள்ளி வாழ வேண்டும் என்ற அதிகார வரிசையைக் கட்டட அமைப்பே சொல்லிவிடும். அதனால்தான் இந்த அமைப்பு முழுமையாகப் பதிவாக வேண்டியது. பங்களாவை மட்டும் காப்பாற்றினால் கதையில் துரை மட்டுமே மிஞ்சுவார்.

நகரங்களும் ரப்பர்ப் பணத்தில்தான் வளர்ந்தன. சுங்கை பட்டாணியின் அடையாளமான மணிக்கூண்டு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா நினைவாகச் சீனச் செல்வந்தர் லிம் லியன் தெங் கொடுத்த நன்கொடையில் 1936-இல் எழுந்தது. ஊரார் இன்றும் அதைக் காட்டித்தான் வழி சொல்கிறார்கள். சுற்றியிருந்த தோட்டங்களில் மரம் சீவியவர்களுக்கு அப்படி ஒரு தூண்கூட இல்லை.

நெல்வயல்களுக்கு நடுவே ஓடுதளம்

அலோர் ஸ்டாருக்கு வடக்கே கெப்பாலா பத்தாஸில் அமைந்த விமானத் தளம் போருக்கு முன்பே உலக வான்வழியில் இடம்பெற்றிருந்தது. 1930-களில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பத்தாவியா செல்லும் டச்சு விமானங்கள் இங்கே இறங்கின. 1934-இல் நடந்த லண்டன்-மெல்போர்ன் விமானப் பந்தயத்தில் அலோர் ஸ்டார் ஒரு நிறுத்தமாகக் குறிக்கப்பட்டிருந்தது. சயாமுக்கும் சிங்கப்பூருக்கும் இடைப்பட்ட நீண்ட வழியில் எரிபொருள் நிரப்பச் சமதரையான இடம் தேவைப்பட்டது. கெடாவின் நெல்வெளி அதைக் கொடுத்தது.

போர் மேகம் சூழ்ந்தபோது இந்தச் சமவெளிக்கு வேறு மதிப்பு வந்தது. சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தைக் காக்க வேண்டுமானால், எதிரிக் கப்பல்களைக் கரை சேருமுன்பே வானிலிருந்து தாக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் தளபதிகள் திட்டமிட்டனர். அதற்காக மலாயாவின் வட மாநிலங்களில் தளங்கள் அமைக்கப்பட்டன. கெடாவில் அலோர் ஸ்டாரும் சுங்கை பட்டாணியும் முக்கியமானவை. மாநில எல்லைக்குச் சற்றுத் தெற்கே, பினாங்கின் பட்டர்வொர்த் தளம் இவற்றுக்குத் துணையாக இருந்தது. 1941 இறுதியில் அலோர் ஸ்டாரில் வான்படையின் 62-ஆம் அணி பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களோடு இருந்தது. சுங்கை பட்டாணியில் 27-ஆம் அணியின் பிளென்ஹைம்களும், ஆஸ்திரேலியாவின் 21-ஆம் அணியின் பஃபலோ போர் விமானங்களும் இருந்தன.

திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தேவை 336 விமானங்கள் என்று முதலில் கணக்கிட்டிருந்தனர்; போர் தொடங்கியபோது முன்னணியில் இருந்தவை 158 மட்டுமே. பறக்க விமானமில்லாத தளங்களைக் காக்கத் தரைப்படை சிதறிப்போனது. அலோர் ஸ்டாருக்கு வடக்கிலிருந்த ஜித்ராவில் 11-ஆவது இந்திய டிவிசன் பாதுகாப்பு அரண் அமைத்ததன் முக்கிய நோக்கமே அலோர் ஸ்டார் தளத்தைக் காப்பதுதான். ஆகவே இன்று ஜித்ராவைப் போர்க்களமாகவும் கெப்பாலா பத்தாஸை விமான நிலையமாகவும் தனித்தனியே பார்ப்பது பிழை. அவை ஒரே அரணின் இரு முனைகள்.

ஒரு வாரத்தில் போன மாநிலம்

1941 டிசம்பர் 8 அதிகாலையில் ஜப்பானியப் படை தாய்லாந்தின் சிங்கோராவிலும் பட்டாணியிலும் கரையிறங்கியது. அன்று காலையிலேயே சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார், பட்டர்வொர்த் தளங்கள் மீது குண்டுவீச்சு தொடங்கியது. தரையில் நின்ற விமானங்கள் எரிந்தன. ஓரிரு நாட்களில் கெடாவின் இரு தளங்களும் கைவிடப்பட்டன. அலோர் ஸ்டாரில் பின்வாங்கிய வான்படையினர் கட்டடங்களுக்கும் எரிபொருளுக்கும் தீ வைத்தனர். அந்தப் புகையை ஜித்ராவில் மழை நீர் நிரம்பிய பதுங்குகுழிகளில் நின்ற பஞ்சாபி, ஜாட், கூர்க்கா, ஆங்கிலேய வீரர்கள் பார்த்தனர். எதைக் காக்க அவர்களை நிறுத்தினார்களோ அது அவர்கள் முதுகுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது.

டிசம்பர் 9 அன்று பட்டர்வொர்த்திலிருந்து சிங்கோராவைத் தாக்கப் புறப்படவிருந்த பிளென்ஹைம்களில் ஒன்று மட்டுமே மேலெழுந்தது. மற்றவை தரையிலேயே குண்டுக்கு இரையாயின. மேலெழுந்த விமானத்தை ஓட்டியவர் 62-ஆம் அணியின் ஆர்தர் ஸ்கார்ஃப். தனியாகவே சிங்கோரா சென்று தாக்கிவிட்டு, கடும் காயத்தோடு திரும்பி அலோர் ஸ்டார் அருகே விமானத்தை இறக்கினார்; உடன் வந்த இருவரும் பிழைத்தனர். அவர் மனைவி அலோர் ஸ்டார் மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றியவர். அந்த மருத்துவமனையிலேயே ஸ்கார்ஃப் உயிர்நீத்தார். 1946-இல் அவருக்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. கல்லறை தைப்பிங் போர் மயானத்தில் இருக்கிறது.

டிசம்பர் 11, 12 தேதிகளில் ஜித்ரா அரண் உடைந்தது. 15-ஆம் தேதி, கெடா சிகரம் என்னும் ஜெராய் மலையடிவாரத்தில் குரூண் அரணும் உடைந்தது. கைப்பற்றிய தளங்களில் கிடைத்த எரிபொருளையும் பொருட்களையும் வைத்தே ஜப்பானிய விமானங்கள் தெற்கே பறந்தன. அவர்களின் வீரர்கள் அத்தளங்களுக்குச் சர்ச்சில் பெயரையே சூட்டிக்கொண்டனர். கெடாவின் ஓடுதளங்கள் கட்டியவர்களைவிடக் கைப்பற்றியவர்களுக்கே அதிகம் பயன்பட்டன.

அதே டிசம்பர் நடுப்பகுதியில், அதே அலோர் ஸ்டாரில் இன்னொன்றும் தொடங்கியது. ஜித்ராவில் சிதறிய 1/14 பஞ்சாப் அணியின் கேப்டன் மோகன் சிங், இந்திய விடுதலை இயக்கத்தவரான கியானி பிரீத்தம் சிங்கையும் ஜப்பானிய மேஜர் புஜிவாராவையும் இங்கே சந்தித்தார். இந்திய தேசிய ராணுவம் என்ற எண்ணம் உருவெடுத்தது அந்தச் சந்திப்புகளில்தான். பின்னாளில் தோட்டத்து இளைஞர்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்த அந்தப் படையைப் பற்றிப் பேசும்போது நமக்குச் சிங்கப்பூர் நினைவுக்கு வருகிறது. அலோர் ஸ்டார் நினைவுக்கு வருவதில்லை. அந்த நகரம் சொல்ல வேண்டிய கதை இது.

தோட்டத்துக்கு வந்த போர்

படைகள் ஒரு வாரத்தில் கடந்து போயின. தோட்டத்து மக்களுக்குப் போர் அதன் பிறகுதான் தொடங்கியது. துரைமார்கள் போய்விட்டார்கள். ரப்பருக்கு ஏற்றுமதி இல்லை. மரம் சீவ வேலை இல்லை. அரிசி அருகிப்போய் மரவள்ளிக்கிழங்கே உணவானது. ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டுக்கு மதிப்பில்லை. 1943 அக்டோபரில் ஜப்பான் கெடாவைத் தாய்லாந்தின் கையில் கொடுத்தது. மாநிலம் சைபுரி என்று அழைக்கப்பட்டது.

அதற்குள் பெரும் துயரம் நிகழ்ந்து முடிந்திருந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானியர் 1942-43-இல் போட்டனர். சில மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி ஆள் சேர்த்தனர். ஆள் வராதபோது தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கேட்டனர். பின்னர் பிடித்தே ஏற்றினர். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் 75,000-க்கு மேல். அவர்களில் பெரும்பான்மையோர் தோட்டத்துத் தமிழர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் பல்லாயிரம் பேரைக் காட்டிலேயே கொன்றன.

கெடாத் தோட்டங்களைப் பொறுத்தவரை இந்தத் துயரத்துக்கு ஒரு நில அமைப்புக் காரணமும் உண்டு. 1918-இல் எல்லை தொட்ட அந்த ரயில் பாதைதான் மலாயாவின் மேற்குக் கரைத் தொழிலாளரை வடக்கே கொண்டுசென்ற வழி. தாத்தாக்கள் பினாங்கிலிருந்து தோட்டத்துக்கு வந்த தண்டவாளத்திலேயே பேரர்கள் சயாமுக்குப் போனார்கள். ஆகவே கெடாவின் பழைய ரயில் நிலையங்களையும் போர்ச் சின்னங்களாகவே கொள்ள வேண்டும். ஈப்போ-பாடாங் பெசார் இரட்டைத் தண்டவாளத் திட்டம் நிறைவேறிய பிறகு பழைய நிலையங்களின் உருவம் பெரிதும் மாறிவிட்டது. பயணிகளுக்கு அது நல்ல மாற்றம். அந்த நடைமேடைகளிலிருந்து யார் ஏறிப் போனார்கள் என்று சொல்லும் ஒரு பலகை அந்த நல்ல மாற்றத்துக்குத் தடையாக இருந்திருக்காது.

போர் முடிந்தபின் தோட்டம் பழையபடி திரும்பவில்லை. 1946-47-இல் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடை மறியலில் தொடங்கிய இயக்கம் கூலிக்கும் மரியாதைக்குமான போராட்டமாக வளர்ந்தது. 1947-இல் பீடோங் வட்டாரத்தில் காவல் துறையோடு மோதல் வெடித்தது. கூலிம் வட்டாரத்தின் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்றரை ஆண்டுகள் துரையில்லாத தோட்டத்தில் உயிர்பிழைத்தவர்கள், துரை திரும்பி வந்து பழைய அதிகாரத்தைக் காட்டியபோது பழைய பணிவைக் காட்ட மறுத்தார்கள். போரையும் தொழிற்சங்க எழுச்சியையும் தனித்தனி அத்தியாயங்களாக எழுதினால் இந்தத் தொடர்பு அறுந்துவிடும்.

எஞ்சியிருப்பவை

கெப்பாலா பத்தாஸ் தளம் இன்றும் உயிரோடு இருக்கிறது. சுல்தான் அப்துல் ஹாலிம் விமான நிலையமும் அரச மலேசிய விமானப் படையின் கல்லூரியும் அங்கே இயங்குகின்றன. தொடர்ந்து பயன்பட்டதால் ஓடுதளம் தப்பியது. அதே பயன்பாட்டுக்காக அது திரும்பத் திரும்பச் செப்பனிடப்பட்டதால் 1941-இன் தோற்றம் மறைந்தது. சுங்கை பட்டாணித் தளம் ராணுவ முகாமாயிற்று. ‘கெம் லாப்பாங்கான் தெர்பாங்’ என்ற முகாமின் பெயரில் மட்டும் விமானத் தளம் தங்கியிருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் பிரிட்டிஷ் கூர்க்காப் படைக்கு ஆள் பயிற்றுவிக்கும் நிலையம் சுங்கை பட்டாணியில்தான் இருந்தது. ராணுவ வேலிக்குள் இருப்பது ஒரு வகையில் பாதுகாப்பு. வீட்டுமனை வியாபாரம் உள்ளே நுழையாது. ஆனால் ஆய்வாளரும் பள்ளிப் பிள்ளைகளும் நுழைய முடியாது. ஜித்ராவிலோ அரண்கள் பெரும்பாலும் மண்ணால் ஆனவை, அவசரத்தில் வெட்டியவை. நெல்வயல் அவற்றை விழுங்கிவிட்டது.

தோட்டக் கட்டடங்களின் கதை வேறு. லயங்கள் பலகையும் தகரமும் கொண்டு எழுந்தவை. ஆளில்லாமல் விட்டால் சில மழைக்காலங்களில் சரிந்துவிடும். 1950-60-களில் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்குப் பின் வீட்டுமனைகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. கூலிமில் 1990-களில் எழுந்த உயர் தொழில்நுட்பப் பூங்காவும், சுங்கை பட்டாணியைச் சுற்றி வளர்ந்த தாமான்களும் இந்த மாற்றத்தின் அளவைக் காட்டும். மக்கள் வெளியேறினார்கள், வீடுகள் இடிந்தன.

இரண்டு நிறுவனங்கள் மட்டும் பிடிவாதமாக நின்றன: கோயிலும் பள்ளியும். கோயில்களில் பழைய கட்டடம் பெரும்பாலும் நிற்பதில்லை. அத்தாப்புக் கூரைக்குக் கீழிருந்த முனியாண்டிக்கும் மாரியம்மனுக்கும் பின்னர் சிமெண்டுக் கோபுரம் எழும்புகிறது. கட்டடக்கலை அளவுகோலால் பார்த்தால் அவை புதியவை. ஆனால் இடம் அதுவேதான். திருவிழாவும் காப்புக் கட்டும் முறையும் அந்தத் தோட்டத்து வழக்கமேதான். தமிழ்ப்பள்ளிகளும் இப்படித்தான். தோட்டம் போன பிறகும் ஹார்வர்ட் முதல் பிரிவு, டப்ளின் ஐந்தாம் பிரிவு என்று பழைய டிவிசன்களின் பெயரோடு பள்ளிகள் நீடித்து வந்திருக்கின்றன. ஆகவே தோட்டப்புறத்தில் மரபுச் சின்னத்தைக் கட்டடத்தின் வயதால் அளப்பது பொருந்தாது. இடத்தின் தொடர்ச்சியும் அங்கே நடந்துவரும் வழக்கத்தின் தொடர்ச்சியுமே அளவுகோலாக வேண்டும்.

எழுத்திலும் ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, சுங்கை பட்டாணியில் வாழும் கோ. புண்ணியவானின் ‘கையறு’ ஆகிய நாவல்கள் அரசு ஆவணங்கள் விட்டுவிட்டதை எடுத்துவைத்தன. மலேசியத் தமிழ் இலக்கியம் இந்த விஷயத்தில் தன் கடமையைச் செய்திருக்கிறது. நிலத்தில் செய்ய வேண்டிய பதிவுதான் பின்தங்கிக் கிடக்கிறது.

சட்டம் எதைப் பார்க்கிறது?

மலேசியாவின் தேசிய மரபுரிமைச் சட்டம் 2005-இல் நிறைவேறியது. அறிவிக்கப்பட்ட இடத்துக்கு அது பாதுகாப்புத் தரும். அறிவிக்கப்படாத இடத்துக்கு எவ்வளவு மதிப்பிருந்தாலும் பயனில்லை. மேலும் நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பது. மத்திய மரபுத் துறை விரும்பினாலும் மாநிலமும் நில உரிமையாளரும் இணங்காமல் எதுவும் நகராது.

இதன் விளைவைக் கெடா 2013-இல் கண்கூடாகப் பார்த்தது. பூஜாங் பள்ளத்தாக்கில் 1936-37-இல் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்து எண்ணிட்ட தலங்களில் பதினோராவது, சுங்கை பத்து தோட்ட நிலத்தில் இருந்தது. நிலம் கைமாறி, வீட்டுமனைக்காகச் சீர்செய்யப்பட்டபோது அந்தக் கோயிலின் அடித்தளம் இடிக்கப்பட்டது. அது அரசிதழில் அறிவிக்கப்படவில்லை என்பதே பின்னர் வந்த விளக்கம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பழமையும், நூல்களில் எண்ணும், பக்கத்திலேயே அருங்காட்சியகமும் இருந்த ஒரு சின்னத்துக்கே தோட்ட நிலத்தில் இந்தக் கதி என்றால், எண்ணும் பெயரும் இல்லாத லயத்துக்கு என்ன காவல்?

இங்கே ஓர் எதிர்வாதத்தை நேர்மையாகப் பார்க்க வேண்டும். லயம் அவமானத்தின் சின்னம்; அதைப் பாதுகாப்பதைவிட மறப்பதே மேல் என்று தோட்டத்தில் வளர்ந்த பலர் நினைக்கிறார்கள். ஒழுகும் கூரையும் பொதுக் கழிப்பறையும் அனுபவித்தவர்களின் கசப்பு அது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. லயங்களில் மக்கள் தொடர்ந்து வாழ வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் தடயம் அழிந்தால் அவமானம் அழியாது. அதைச் செய்தவர்களின் பொறுப்புத்தான் அழியும். துரையின் பங்களா விடுதியாகி அழகாக நிற்க, லயம் இருந்த இடமே தெரியாமல் போனால், நூறாண்டு கழித்து வருபவருக்குத் தோட்ட வாழ்க்கை இனிமையாக இருந்ததாகவே தோன்றும்.

பிறர் செய்தது

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதிக் கிராமங்களில் போர்க்கால விமானத் தளங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. போருக்குப் பின் அவை கோதுமை வயல்களாயின. ஆனாலும் அந்தந்த ஊர் மக்கள் தேவாலயத்துக்கும் பழைய பண்ணை வீட்டுக்கும் கொடுத்த மதிப்பையே கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் கொடுத்தார்கள். நார்ஃபோக்கில் தோர்ப் அபட்ஸ் தளத்தின் கோபுரத்தைத் தன்னார்வலர்கள் செப்பனிட்டு அருங்காட்சியகமாக்கினார்கள். 1995 முதல் 2002 வரை நடந்த ‘பிரிட்டனின் பாதுகாப்பு’ திட்டத்தில் ஊர்ப் பொதுமக்களே ஏறக்குறைய 20,000 போர்க்கால அமைப்புகளைப் பதிவு செய்தார்கள். அங்கே கற்க வேண்டியது பணத்தின் அளவை அல்ல, வேலையின் வரிசையை. முதலில் பதிவு, பிறகு தேர்வு, கடைசியில்தான் பாதுகாப்பு.

இலங்கை நமக்கு இன்னும் நெருக்கமான முன்மாதிரி. கம்பளை அருகே பழைய பீகாக் தோட்டத்தில், லயன் அறைகளிலேயே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007-இல் திறக்கப்பட்டது. ஓர் ஆய்வு நிறுவனமும் தொழிலாளர் குடும்பங்களும் கொடுத்த பொருட்களால் அது உருவானது. மொரீஷியஸில் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் 2006-இல் யுனெஸ்கோ உலக மரபுத் தலமாயிற்று. அங்கே மிஞ்சியிருந்தவை சில கல் கட்டடங்களும் படிக்கட்டுகளுமே. கலையழகு குறைந்த இடமும் உலக மரபாக முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

நினைவின் ஏற்றத்தாழ்வையும் இங்கே சொல்ல வேண்டும். ஆர்தர் ஸ்கார்ஃபின் பதக்கம் 2022-இல் லண்டனில் 5,50,000 பவுண்டுக்கு ஏலம் போனது. அது நாட்டைவிட்டுப் போகாமல் தடுத்து, பணம் திரட்டி, வான்படை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. தாய்லாந்தின் காஞ்சனபுரி போர் மயானத்தில், சயாம் ரயில் பாதையில் இறந்த ஏறக்குறைய 7,000 போர்க் கைதிகளுக்குத் தனித்தனிக் கல்லறை உண்டு. அவை சரியே, வீரத்துக்கும் துன்பத்துக்கும் அப்படித்தான் மரியாதை செய்ய வேண்டும். அதே பாதையில் இறந்த தமிழர்களுக்குப் பல பத்தாண்டுகள் பெயர்ப்பலகை இல்லை. அண்மைக் காலத்தில்தான் மலேசியத் தமிழ் அமைப்புகளின் முயற்சியால் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் எழுந்தது. அவர்கள் புறப்பட்ட கெடாத் தோட்டங்களிலும் அந்த நினைவு நிலைபெற வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதல் வேலை ஒரு பதிவேடு. தோட்டத்துக்கு ஒரு பக்கம் போதும்: டிவிசன்கள், லயம், பெரட்டுக் களம், ஸ்டோர், கள்ளுக்கடை, கோயில், பள்ளி, சுடுகாடு எங்கே இருந்தன; யாரிடமிருந்து யாருக்கு நிலம் கைமாறியது; சயாமுக்குப் போனவர்கள் யார், திரும்பியவர்கள் யார். போருக்கு முந்திய நில அளவை வரைபடங்களின் மேல் இவற்றைக் குறித்தால், விமானத் தளங்களும் ஜித்ரா, குரூண் அரண்களும் ரயில் நிலையங்களும் தோட்டங்களும் ஒரே வரைபடத்தில் வந்துவிடும். இதற்கு அரசாணை வேண்டியதில்லை. பீடோங் அருகே செமிலிங்கில் இந்தியச் சமூகத்தின் முயற்சியால் 2001-இல் உருவான எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாநிலமெங்கும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்தால் நடக்கும் வேலை இது.

இதில் வாய்மொழிப் பதிவுக்கு முதலிடம். ஜப்பான்காரன் காலத்தில் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியவர். கட்டடத்தைப் பின்னர் அளந்துகொள்ளலாம். இவர்களின் பேச்சுக்கு அந்த அவகாசம் கிடையாது.

இரண்டாவது, ஒரு லயத்தையாவது முழுமையாகக் காப்பது. அதற்குப் பொருத்தமான உரிமையாளர் யார் என்று கேட்டால், தொழிலாளரின் சொந்தச் சேமிப்பில் உருவான தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தையே நான் சுட்டுவேன். துண்டாடலில் தொழிலாளர் தெருவுக்கு வரக் கூடாது என்று துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய சங்கம் அது. அது தொடக்கத்திலேயே வாங்கிய தோட்டங்களில் கெடாவின் புக்கிட் சிடிமும் ஒன்று. கூலிகளாக வந்தவர்கள் உரிமையாளர்களான நிலத்தில் அவர்களின் அருங்காட்சியகம் அமைவதைவிடப் பொருத்தமான இடம் கெடாவில் வேறில்லை.

மூன்றாவது, பொது இடங்களில் விளக்கப் பலகைகள். சுல்தான் அப்துல் ஹாலிம் விமான நிலையத்தின் வருகை மண்டபத்திலும், சுங்கை பட்டாணி முகாமின் வெளிச்சுவரிலும், ரயில் நிலையங்களிலும், மணிக்கூண்டின் அடியிலும் மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் நான்கிலும் அவை இருக்க வேண்டும். இந்தக் கதை தமிழருடையது மட்டுமல்ல. அதே வட்டாரத்தில் மலாய் விவசாயிகளும் சீனத் தொழிலாளர்களும் அதே குண்டுவீச்சையும் அதே பஞ்சத்தையும் தாங்கினார்கள். கூலிம் மாவட்ட அதிகாரியாக இருந்த துங்கு அப்துல் ரஹ்மான், 1941 டிசம்பரில் சுல்தானைப் பினாங்குக்குக் கொண்டுபோக விடாமல் மக்களோடு இருக்கச் செய்ததும் இதே வரலாற்றின் பகுதிதான். எல்லா இனத்தாரும் தங்களை அதில் காணும்போதுதான் மாநில அரசு அதைத் தன் மரபாக ஏற்கும்.

நான்காவது, அறிவிக்கை. பதிவேட்டிலிருந்து தேர்ந்தெடுத்த சில இடங்களையேனும், ஒரு புகைக்கூடம், ஒரு பழைய பள்ளிக் கட்டடம், ஒரு தோட்டத்துக் கோயில் வளாகம், தளத்தின் ஒரு பகுதி என்று, நிலம் அடுத்த முறை கைமாறுமுன் அரசிதழில் ஏற்ற வேண்டும். பதினோராவது தலத்தின் இழப்பு கற்பித்த பாடம், விற்பனைப் பத்திரம் எழுதிய பின் எழும் கூக்குரல் பயன்படாது என்பதே.

இவற்றில் முதல் வேலையை இந்த ஆண்டே தொடங்கலாம். ஒவ்வொரு தோட்டப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தன் பெயரில் இருக்கும் தோட்டத்துக்கு ஒரு பக்கம் எழுதினால், கெடாவின் பதிவேடு பாதி முடிந்துவிடும். மீதிப் பாதியை மாநில அரசிடமும் மரபுத் துறையிடமும் கேட்கும் உரிமை அப்போது நமக்கு வரும்.